ஏழின் பிறப்பும் எழுபத்திரண்டின் பெயரும்

பெயர் என்பது வெறும் ஒலியன்று. ஒரு பொருளுக்குப் பெயரிடுபவன், அப்பொருளைப் பிறர் எவ்வழியில் அறியவேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறான். வரிசைப்படுத்துபவனோ எது முன், எது பின், எது உறவு, எது அயல் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறான். ஊருக்கும் தெருவுக்கும் இது பொருந்தும் என்பதை நம் இளைஞர் அறிவர். இசைக்கும் பொருந்தும் என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. “இசையா? அது மேட்டுக்குடியின் மாலைப்பொழுது. நமக்கு அதில் என்ன வேலை?” என்று ஒதுங்குவோரும் நம்மிடையே உண்டு. நாம் ஒதுங்கிய இடத்தில்தான் “இது தெய்வீகம், ஆராயாதே” என்ற பலகை தொங்கவிடப்படுகிறது. ஆகவே ஆராய்வோம்.

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை எடுத்துக்கொள்வோம். ஏழு ஆயர் மகளிர் வட்டமாக நிற்கின்றனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அவர்களுக்குப் பெயர் சூட்டுகிறாள் மாதரி. தீய குறிகளைக் கண்டு அஞ்சி ஆடிய கூத்து அது என்கிறது கதை. அந்த அச்சம் நமக்கு வேண்டா. அந்தக் காப்பியத்தைக் கண்டித்தோரும் போற்றியோரும் நம் இயக்கத்திலேயே உண்டு. ஆனால் அந்த வட்டம் நமக்கு வேண்டும். ஏனெனில் அது அறிவின் வட்டம்.

வட்டத்தில் எங்கிருந்தும் தொடங்கலாம் அல்லவா? அதுவே பழந்தமிழர் கண்ட பண்ணுப்பெயர்த்தல். குரலையே குரலாக, அதாவது தொடக்க நரம்பாக, வைத்துப் பாடினால் செம்பாலை. துத்தம் குரலானால் படுமலைப்பாலை. கைக்கிளை குரலானால் செவ்வழிப்பாலை. உழை குரலானால் அரும்பாலை. இளி குரலானால் கோடிப்பாலை. விளரி குரலானால் விளரிப்பாலை. தாரம் குரலானால் மேற்செம்பாலை. நரம்புகள் மாறவில்லை, அவற்றின் இடைவெளிகளும் மாறவில்லை. தொடங்கும் இடம் ஒன்றே மாறுகிறது; ஏழு பாலைகள் பிறக்கின்றன.

நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பார்க்கச் சொல்கிறோம். ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டைகளைத் தொடாமல், வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். ஐந்தாம் கட்டையில் தொடங்கி அடுத்த ஐந்தாம் கட்டை வரை சென்றால் செம்பாலை. இன்று அதை அரிகாம்போதி என்பர். ஆறாம் கட்டையில் தொடங்கினால் நடபைரவி. ஏழை விட்டு ஒன்றுக்கு வந்தால் சங்கராபரணம். இரண்டில் கரகரப்பிரியா. மூன்றில் தோடி. நான்கில் கல்யாணி. ஏழாம் கட்டையில் தொடங்கும் செவ்வழிக்குப் பின்னர் வருவோம். எந்த மந்திரமும் இல்லாமல், எந்த வரமும் இல்லாமல், ஒரு சிறுவன் தன் விரலாலேயே கண்டறியக்கூடிய உண்மை இது.

இனி எழுபத்திரண்டுக்கு வருவோம். தஞ்சை நாயக்கர் ஆட்சியில், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வேங்கடமகி என்பார் ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ என்னும் வடமொழி நூலில் மேளங்களை எண்ணி வரிசைப்படுத்தினார். ரி, க இரண்டும் இணையும் வகை ஆறு, த, நி இணையும் வகை ஆறு, பெருக்கினால் 36. மத்திமம் இருவகை, ஆக 72. அவற்றுள் அன்று வழக்கில் இருந்தவையாக அவர் விளக்கியவை 19 மட்டுமே. மற்றவை வருங்காலத்துக்கென ஒதுக்கிய வெற்று இடங்கள். கணக்கு என்ற அளவில் இது கூர்மையான அறிவின் செயல். அதை மறுப்பது பகுத்தறிவாகாது. அது மட்டுமன்று, பாலைச் சுழற்சியால் பெற முடியாத மாயாமாளவகௌளை போன்ற மேளங்கள் இக்கணக்கில் இடம் பெறுகின்றன. பிள்ளைகள் முதற்பாடம் கற்பதே அம்மேளத்தில்தான். ஆகவே ஏழு போதும், எழுபத்திரண்டு வேண்டா என்று நாம் கூறவில்லை.

நாம் கேட்பது வேறு. அந்த வரிசை எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது?

ஒரு வட்டத்தில் பிறந்த பாலைகள் இவ்வட்டவணையில் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். தோடி 8. நடபைரவி 20. கரகரப்பிரியா 22. அரிகாம்போதி 28. சங்கராபரணம் 29. கல்யாணி 65. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆறு பேர், ஆறு எண்களில் சிதறிக் கிடக்கின்றனர். அவர்கள் உடன்பிறந்தோர் என்பதை அட்டவணையை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் மாணவன் அறியான். ஏழாமவர் எங்கே? செவ்வழிக்கு அங்கே இடமே இல்லை! அதில் மத்திமம் இரண்டு வரும்; பஞ்சமம் வராது. பஞ்சமம் இல்லாத எதையும் மேளம் என ஏற்பதில்லை என்பது எழுபத்திரண்டின் விதி. எழுவரில் ஒருவரை வாயிற்படியிலேயே நிறுத்திவிட்ட பட்டியலை முழுமையானது என்று எவ்வாறு கொண்டாடுவது? சிவனே வந்தாலும் இதில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்பது நூலாசிரியரின் பெருமிதம். சிவன் வரவேண்டியதில்லை, ஏழாம் வெள்ளைக் கட்டையே போதும்.

அடுத்துப் பெயர். மேளத்தின் பெயரிலேயே அதன் எண்ணைப் பொதிந்து வைக்கும் வழக்கம் நிலைபெற்றது. எழுத்துகளுக்கு எண் கற்பித்து, பெயரின் முதலிரண்டு எழுத்துகளின் எண்களைத் திருப்பிப் படித்தால் வரிசை எண் கிடைக்கும். இதற்கு ‘கடபயாதி’ என்று பெயர். இவ்வெண்ணுக்காகவே சங்கராபரணத்துக்கு முன் ‘தீர’ ஒட்டியது. கல்யாணிக்கு முன் ‘மேச’ ஒட்டியது. நினைவில் வைக்க நல்ல உத்திதான். ஆனால் யாருடைய நினைவில்?

வடமொழியில் ககர ஒலிக்கு எழுத்துகள் நான்கு. முதற்ககரத்துக்கு எண் 1, இரண்டாவதற்கு 2. கீரவாணியின் முதலெழுத்து முதற்ககரம். ஆதலால் அது 21. கரகரப்பிரியாவின் முதலெழுத்து இரண்டாம் ககரம்; ஆதலால் அது 22. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ககரம். இரண்டுக்கும் 21 என்றே வரும். நாடகப்பிரியா 10, நடபைரவி 20. தமிழில் இரண்டிலும் இருப்பது ஒரே டகரம். இரண்டுக்கும் 10 என்றே வரும். தமிழ் எழுத்து மட்டும் அறிந்த பிள்ளைக்கு இந்தப் பூட்டின் திறவுகோல் பொருந்துவதே இல்லை. அவன் மூடனல்லன், பூட்டு அவனுக்காகச் செய்யப்படவில்லை. திறக்க இயலாதவன் திறந்தவனை நம்பியே வாழவேண்டும். கல்வியில் அடிமைத்தனம் நுழைவது இப்படித்தான்.

பன்னிரண்டு சக்கரங்களின் பெயர்களையும் பாருங்கள். மூன்றாம் சக்கரம் அக்கினி, ஏனெனில் தீ மூன்றாம். நான்காவது வேதம். ஏழாவது இருடி. பதினொன்றாவது உருத்திரர். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு, எண்ணுவதற்கே புராணம் படித்து வா என்று கட்டளையிடுவது என்ன நேர்மை? எண்ணுக்கு எண்ணே போதாதா?

இவ்வளவு கூறியபின் நம் வீட்டையும் கூட்டிப் பெருக்க வேண்டும். இல்லையேல் நம் திறனாய்வு வெறும் கட்சிப்பேச்சு ஆகிவிடும். சிலப்பதிகார உரைகாரர் வட்டப்பாலையை விளக்கும்போது நரம்புகளைப் பன்னிரு இராசி வீடுகளில் நிறுத்திக் காட்டினர். பன்னிரண்டாகப் பகுத்தது இசையறிவு. இராசி அதன்மேல் போர்த்திய சோதிடப் போர்வை. வேதச் சக்கரத்தைக் கண்டிக்கும் நாம் இராசி வட்டத்தைத் தமிழ் என்பதற்காகத் தலையில் தூக்கிவைக்கலாகாது. 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் உழைப்பு மலைபோன்றது. ஆயினும் கடல்கொண்ட நாட்டையும் பழஞ்சங்கங்களையும் துணைக்கழைக்கும் பகுதிகளைவிட, நரம்பையும் கணக்கையும் வைத்து வாதிடும் பகுதிகளே நமக்கு வலிமை தருவன. தொன்மை ஒரு சான்றன்று; சரியாக இருப்பதே சான்று.

உரையில் வரும் அலகுக் கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, கூட்டினால் 22. இவ்வலகை ஒவ்வொரு நரம்புக்கும் முன்னுள்ள இடைவெளி எனக் கொண்டால் செம்பாலை அரிகாம்போதியாக அமையும். பின்னுள்ள இடைவெளி எனக் கொண்டால் கல்யாணியாகிவிடும்! ‘யாழ்நூல்’ (1947) தந்த ஈழத்து விபுலானந்த அடிகள் அரிகாம்போதியே என்று நிறுவினார். அவர் துறவி என்பதற்காக அல்ல, அவ்வாறு கொண்டால்தான் ஏழு பாலைகளும் இன்று பாடப்படும் இசையோடு ஒழுங்காகப் பொருந்துகின்றன என்பதற்காகவே நாம் அதை ஏற்கிறோம். இதைவிடப் பொருத்தமான விளக்கம் நாளை வந்தால் அதை ஏற்போம்.

பெயர்க்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கர் தம் இசை வகைகளுக்கு டோரியன், பிரிஜியன், லிடியன் என்று மக்கட் கூட்டங்களின் பெயரைச் சூட்டினர். இடைக்காலத் திருச்சபையார் அப்பெயர்களை வேறு வகைகளுக்கு மாற்றிப் பொருத்திவிட்டனர். நம் வாய்பாட்டில் சொன்னால், கிரேக்கரின் டோரியன் விளரிப்பாலையின் அமைப்பு. திருச்சபையின் டோரியன் கோடிப்பாலையின் அமைப்பு. எட்டாக இருந்த அவ்வகைகளை 1547இல் கிளாரியன் என்னும் சுவிஸ் அறிஞர் பன்னிரண்டாக்கினார். மரபு எட்டே என்றபோது, மக்கள் பாடுவது அதற்கும் மேல் என்று எடுத்துக்காட்டும் துணிவு அவருக்கு இருந்தது. அத்துணிவே நமக்குத் தேவை.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, இசைப் பாடநூல்களில் பாலைச் சுழற்சியை முதலில் கற்பித்து, அதன்பின் எழுபத்திரண்டைக் கற்பிக்க வேண்டும். பிறப்பை அறிந்தவனுக்குப் பட்டியல் சுமையாகாது. இரண்டாவது, மேளங்களுக்கு எண்ணை எண்ணாகவே எழுதி, அருகில் பாலைப் பெயரையும் இட வேண்டும். சக்கரங்களுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை போதும். மூன்றாவது, எப்பெயரைச் சொன்னாலும் அது எங்கே தொடங்குகிறது, எந்த இடைவெளியில் நடக்கிறது என்று விளக்கிவிட்டே சொல்ல வேண்டும். பாலைப் பெயர்களும் இதற்கு விலக்கல்ல. விளரிப்பாலை ஒன்றே தன் பிறப்பிடத்தைப் பெயரிலேயே கூறுகிறது.

1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் அதைச் சூழ்ந்த இயக்கமும் மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கவேண்டும் என்று போராடின. அப்போராட்டத்தின் மறுபாதி இன்னும் எஞ்சி நிற்கிறது. பாட்டின் மொழி தமிழானால் மட்டும் போதாது. பாட்டின் இலக்கணமும் எவர்க்கும் திறந்த கதவாக வேண்டும். ஆர்மோனியம் இருக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். ஐந்தாம் கட்டையில் விரலை வையுங்கள். அங்கே தொடங்குகிறது நம் பாடம்.