நேக்கட், நியூட், பேர்

ஆங்கிலத்தில் உடையின்மைக்கு இருக்கும் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது ஒரு சுகம். ‘நேக்கட்’ நடுவில் வெடுக்கென்று உடைகிறது. யாரோ பார்த்துவிட்ட கூச்சம் அந்த ஓசையிலேயே இருக்கிறது. (வெறுங்கண்ணையும் ‘நேக்கட்’ என்கிறார்கள், கண்ணுக்கு என்ன கூச்சமோ!) ‘நியூட்’ வழுக்கிக்கொண்டு நீள்கிறது. ஓவியர் முன் வெட்கமின்றி, நிதானமாக அமர்ந்திருக்கும் உடல் அது. கலை வரலாற்றாளர் கென்னத் கிளார்க் 1956இல் வெளியான தன் நூலை இந்த இரண்டின் வேறுபாட்டிலிருந்துதான் தொடங்கினார்.

எனக்கு நெருக்கம் ‘பேர்’தான். அதற்கு முழு உடம்பும் வேண்டாம். செருப்பில்லாத கால், தொப்பியில்லாத தலை, இலையுதிர்ந்த கிளை, படம் மாட்டாத சுவர் போதும். அதிலும் ‘த்ரெட்பேர்’ தனி அழகு. துணிக்கே துணியில்லாத நிலை: பழைய கம்பளிக் கோட்டின் முழங்கையில் மேற்பஞ்சு தேய்ந்துபோய், பாவும் ஊடும் தனித்தனியாகத் தெரியும்.