கலைந்த கூந்தலும் கலையாத வேடமும்

1971 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குளூட்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்தைப் பற்றி எழுதப்பட்டவை பல. அலன் ஜே. பக்கூலாவின் நெறியாள்கையும், கோர்டன் வில்லிஸின் இருள் செறிந்த ஒளிப்பதிவும், சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதினை ஜேன் ஃபொண்டாவுக்குப் பெற்றுக்கொடுத்த நடிப்பும் விமரிசகர்களால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், படத்தைப் பார்த்து வெளியேறிய பெண்கள் பலர் தம்முடன் கொண்டு சென்றது இவற்றுள் எதனையுமன்று, நாயகியின் தலைமயிரையே. சிகையலங்கார நிலையங்களில் அதேபோல் வெட்டிவிடுமாறு கேட்டனர். இலக்கிய, கலை விமரிசனத்துக்குத் தலைமயிர் தகுந்த பொருளன்று எனக் கருதுவோர் உளர். உடையையும் அணியையும் சமூகக் குறிகளாகக் கொள்பவர்கள் கூந்தலை மட்டும் விலக்குவதற்கு நியாயம் எதுவுமில்லை.

‘ஷாக்’ என்ற ஆங்கிலச் சொல் இழைகள் நீண்டு கலைந்து கிடக்கும் முரட்டுக் கம்பளத்தைக் குறிப்பது. உச்சந்தலையில் குட்டையாகவும், பிடரியை நோக்கிச் செல்லச் செல்ல நீண்டும், நெற்றியில் விளிம்பு சிதைந்தும் அடுக்கடுக்காக வெட்டப்படும் கூந்தலுக்கு அப்பெயர் வாய்த்தமை வியப்பன்று. தலைமயிரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தலைக்குச் செங்குத்தாக உயர்த்திப் பிடித்து வெட்டுவதே இதன் அடிப்படை. உச்சியில் நீளம் குறையப் பாரமும் குறைகின்றது. பாரம் குறைந்த மயிர் வேரிலிருந்து எழுந்து நிற்கின்றது. நீளத்தால் இழுபட்டு நேராகக் கிடந்த சுருள்களும் மீண்டும் சுருள்கின்றன. கழுவியபின் விரல்களாற் கோதி உலரவிட்டாற் போதும் என்பதே இவ்வெட்டின் பெருமையாகப் பேசப்பட்டது. எனினும், கவனமின்மை போலத் தோன்றும் அத்தோற்றத்தைப் பெறுதற்கு மிகுந்த கவனமுள்ள கை தேவைப்பட்டது. மெல்லிய மயிரில் அடுக்குகள் அளவு மிஞ்சினால் நுனிகள் நார்போலத் தொங்கும். சில வாரங்களுக்கொருமுறை திருத்தாவிடின் அடுக்குகள் வளர்ந்து வடிவம் கெடும். இயல்பு எனக் கொண்டாடப்பட்டது உண்மையில் ஒரு தொழில்நுட்பமே. இம்முரண்பாட்டை மனங்கொள்ளாது ஷாக் வெட்டினைப் பெண் விடுதலையின் சின்னம் எனப் புகழ்வதும், வெறும் மோஸ்தர் எனத் தள்ளுவதும் ஒருசார் முடிவுகளாகவே அமையும்.

இதற்கு முந்திய நிலையையும் நோக்குதல் வேண்டும். 1960 அளவில் அமெரிக்கப் பெண்களிடையே பரவிய தேன்கூட்டுக் கொண்டை, மயிரை எதிர்ப்புறமாக வாரிச் சிக்காக்கி, உயர்த்தி, பசைத் தூவியால் இறுக்கி நிறுத்தப்பட்டது. அது கலையாதிருக்கப் பெண் உறங்கும் முறையைக்கூட மாற்றவேண்டியிருந்தது. இலண்டனில் விடால் சசூன் 1960களில் அறிமுகப்படுத்திய கேத்திரகணித வெட்டுகள் அந்தப் பசையிலிருந்து பெண்ணை விடுவித்தன. வெட்டே வடிவத்தைத் தாங்கியது. கழுவி உலர்த்தியதும் மயிர் தன்னிடத்தில் வந்து விழுந்தது. ஆனால் சசூனின் கூர்ங்கோடுகள் ஒழுங்கின் கோடுகள். ஷாக் அந்தக் கோட்டையே உடைத்தது.

உடைத்தவர் நியூயோர்க்கைச் சேர்ந்த போல் மக்கிறெகர் என்ற சிகையலங்காரக் கலைஞர். அவர் முன் வந்து அமர்ந்த ஜேன் ஃபொண்டா, 1968 இல் தம் கணவர் றொஜே வடீம் இயக்கிய ‘பாபறெல்லா’வில் நீண்ட பொன்னிறக் கூந்தலுடன் தோன்றி உலக ஆடவரின் கனவுப் பொருளாக்கப்பட்டவர். தம் வாழ்விலிருந்த ஆடவர் விரும்பிய கூந்தலையே தாம் அதுவரை அணிந்திருந்ததாக 2005 இல் வெளியான தம் சுயசரிதையில் அவர் கூறுகின்றார். மக்கிறெகர் அதனை வெட்டிக் கருமையூட்டினார். கூந்தல் குறைந்தபோது தம்மை முதன்முறையாகத் தாமே கண்டதாக அவர் உணர்ந்தமை பொய்யன்று. ஆயினும், அந்த உணர்வை அளித்ததும் பிறர் கைக் கத்தரிக்கோலே.

‘குளூட்’ இந்த உண்மையை அதன் நாயகியைவிட நன்கு அறிந்த படம். பிறீ டானியல்ஸ் நியூயோர்க்கில் உடலை விற்று வாழ்பவள். நடிகையாகவும் விளம்பர அழகியாகவும் முயல்பவள். தொடக்கக் காட்சியொன்றில் பெண்கள் வரிசையாக அமர்த்தப்பட்டு, விளம்பரக்காரர்களால் சந்தைப் பண்டம்போல நோட்டமிடப்பட்டு, அனுப்பிவைக்கப்படுகின்றனர். அவ்வரிசையில் பிறீயும் ஒருத்தி. வாடிக்கையாளனுடன் இன்பம் துய்ப்பதாக நடிக்கும் வேளையிலேயே அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றாள். முதிய ஆடைத் தொழிலதிபரின் முன் மின்னும் உடையணிந்து காதற்கதை சொல்கின்றாள். தன் அறையில் தனித்திருக்கையில் எவருக்காகவும் எதனையும் அணிவதில்லை. உடை மாறுகின்றது, குரல் மாறுகின்றது, நடையும் மாறுகின்றது. தலைமயிர் மாத்திரம் மாறுவதில்லை. அவளுடைய வேடங்களுக்கிடையே எஞ்சியிருக்கும் மெய் அதுதானோ எனப் பார்வையாளன் மயங்குகின்றான். ஆனால் தொழிலின்போது நிலைமை தன் கட்டுப்பாட்டில் இருப்பதாக உளமருத்துவரிடம் அவள் கூறும் காட்சிகள் அம்மயக்கத்தைத் தெளிவிக்கின்றன. எவருக்கும் கட்டுப்படாதவள் என்ற தோற்றமே அவள் விற்கும் பண்டத்தின் ஒரு பகுதி. அத்தோற்றத்திற்கு அந்தக் கலைந்த கூந்தல் மிகப் பொருத்தமானது. வில்லிஸின் இருளில் முகம் மறைந்து தலையின் சிதைந்த விளிம்பு மட்டும் தெரியும் சட்டகங்களில், அவளைக் காண்பவன் யார் என்ற அச்சமே மேலோங்குகின்றது. கண்ணுக்கு அகப்படுபவள் சுதந்திரமானவளாகத் தோன்றலாம்; கண் வேறொருவனுடையது.

பெண்ணின் கூந்தலைக் கொய்வது கைம்மையின் அடையாளமாக இருந்ததனைப் புறநானூறு வழி அறிந்த தமிழ் வாசகனுக்கு, வெட்டிய கூந்தல் விடுதலையாகக் கொள்ளப்பட்டமை சற்று வினோதமாகத் தோன்றக்கூடும். கூந்தலின் பொருள் கூந்தலில் இல்லை என்பதற்கு இதனினும் அண்மையான சான்று அமெரிக்காவிலேயே உண்டு.

1970 நவம்பரில் வியற்நாம் போரெதிர்ப்பில் ஈடுபட்டிருந்த ஃபொண்டா கிளீவ்லண்ட் விமான நிலையத்திற் கைதானார். ஷாக் வெட்டுடன் கைமுட்டியை உயர்த்தி நிற்கும் அவரது பொலிஸ் ஒளிப்படம் பிற்காலத்தில் சட்டைகளிலும் குவளைகளிலும் அச்சாகி விற்பனையாயிற்று. அவர் வைத்திருந்தவை விற்றமின் குளிசைகள் எனத் தெரிந்தபின் வழக்கும் கைவிடப்பட்டது. அதற்கு முந்திய மாதத்திலேதான் நியூயோர்க்கில் அஞ்செலா டேவிஸ் கைதானார். இயல்பாக வளரவிட்ட ‘அஃப்ரோ’க் கூந்தலுடன் கூடிய அவரது படம் தேடப்படுவோர் அறிவித்தலாக நாடெங்கும் ஒட்டப்பட்டிருந்தது. அக்கூந்தலுடைய கறுப்பினப் பெண்கள் பலர் அந்நாளில் காவல்துறையினரின் தொல்லைக்கு ஆளாகினர். விடுதலை அரசியலின் பெயரால் நினைக்கப்படாது ஒரு சிகையலங்காரமாகத் தாம் நினைக்கப்படுவதன் அவலத்தை டேவிஸ் 1994 இல் ஒரு கட்டுரையில் எழுதினார். ஒருத்திக்கு வெட்டிக்கொண்டமை துணிவு. மற்றொருத்திக்கு வெட்டாது விட்டமையே குற்றத்தின் அடையாளம். ஷாக் வெட்டின் வரலாற்றை எழுதும் அழகுக்கலை நூல்கள் இவ்விரு படங்களையும் அருகருகே வைப்பதில்லை. வைத்தாலன்றி அவ்வரலாறு முழுமை பெறாது.

பின்னர் நிகழ்ந்தவை எதிர்பார்க்கத்தக்கவையே. 1976 இல் ஃபரா ஃபோசெற்றின் சுவரொட்டி இலட்சக்கணக்கில் விற்றது. அதில் அடுக்குகள் சிறகுகள்போல் பின்னோக்கி வாரப்பட்டு, கலைவு முற்றாக மெருகேறிவிட்டது. 1990களின் நடுப்பகுதியில் ‘பிறெண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் ஜெனிபர் அனிஸ்டனுக்குக் கிறிஸ் மக்மிலன் வெட்டிய அடுக்குக் கூந்தல் எண்ணற்ற பெண்களால் பின்பற்றப்பட்டது. அதனைத் தாமாகச் சீர்செய்வது பெருந்துன்பம் என அனிஸ்டனே பின்னர் வெளிப்படையாகக் கூறினார். கழுவி உலரவிட்டாற் போதும் என்ற பழைய வாக்குறுதி, சுழல் தூரிகையும் வெப்பக் காற்றுக் கருவியும் இன்றி நிறைவேறாத ஒன்றாக மாறியிருந்தது.

கொரோனாத் தொற்றுக் காலமாகிய 2020, 2021 ஆம் ஆண்டுகளில் ‘ஓநாய் வெட்டு’ என்ற பெயருடன் ஷாக் மீண்டும் எழுந்தது. சிகையலங்கார நிலையங்கள் மூடப்பட்டிருந்த நாடுகளில் இளம்பெண்கள் மயிரை முன்னெற்றியில் ஒன்றாகக் கட்டி நுனியைத் தாமே நறுக்கினர். கட்டினை அவிழ்த்ததும் அடுக்குகள் விழுந்தன. சிலருக்கு அழகாக, சிலருக்குக் கோணலாக. மக்கிறெகரும் இல்லை, வடீமும் இல்லை. கத்தரிக்கோல் முதன்முறையாக அவர்கள் கையிலேயே இருந்தது. எதிரே, கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒளிப்பதிவு செய்துகொண்டிருந்த கைத்தொலைபேசியும் இருந்தது.