காது பிடிப்பது அழுத்தத்தையா, அர்த்தத்தையா?

பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. அப்புறம் ஆங்கிலம் கேட்பவர் எப்படிப் பிரித்துக் கேட்கிறார்? "அழுத்தத்தை வைத்து" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆன் கட்லரின் ஆய்வுகளை இப்படிச் சுருக்குவது சரியில்லைன்னு எனக்குத் தோணுது.

கட்லரும் டென்னிஸ் நாரிஸும் 1988ல் சொன்னது வேறு: உயிரொலி மங்காமல் முழுசாக ஒலிக்கும் வலுவான அசை வந்தால், அங்கே புதுச்சொல் தொடங்குவதாகக் கேட்பவர் ஊகிக்கிறார். மோசமான ஊகமில்லை. ஆங்கில உரையாடலில் வரும் பெயர், வினை போன்ற சொற்களில் சுமார் 90 சதவீதம் அப்படித்தான் தொடங்குகின்றன.

ஆனால் வலுவான அசை வேறு, அழுத்தம் வேறு. 'ஃபோர்பேர்' என்பதில் முன்னசையை அழுத்தினால் மூதாதை. பின்னசையை அழுத்தினால் பொறுத்துக்கொள்ளுதல். இரண்டிலும் உயிரொலி மங்குவதில்லை. கட்லரின் 1986 சோதனையில் எதைச் சொன்னாலும் கேட்பவர் மனதில் இரண்டு பொருளும் எழுந்தன. அழுத்தம்தான் சாவி என்றால் ஒன்றுதானே எழுந்திருக்கணும்?

அடுத்து, எல்லாரும் ரசித்துச் சொல்லும் 1992 சோதனை. கட்லரும் பட்டர்ஃபீல்டும் அர்த்தமில்லாத தொடர்களை மிக மெல்லிய ஒலியில் கேட்கவைத்தார்கள். "கண்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்" என்பது, டாக்டர் பில் அனுப்புவதாக ஒருவர் காதில் விழுந்தது. 'டக்ட்', 'சென்ட்ஸ்' என்ற வலுவான அசைகளில் புதுச்சொல் பிறந்திருக்கிறது, உண்மைதான். இப்படிப் பல பிழைகளைச் சேர்த்து எண்ணியதால் முடிவும் வலுவானதே. ஆனால் கேட்டவர் எழுதியது ஒழுங்கான, அர்த்தமுள்ள வாக்கியம்! சூழலை எடுத்துவிட்டாலும் காது தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. பொல்லாக்கும் பிக்கெட்டும் 1960களிலேயே இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: உரையாடலிலிருந்து வெட்டியெடுத்த தனிச்சொற்களில் ஏறக்குறைய பாதிதான் புரிந்தது. ஆக, அசை சொல்லின் தொடக்கத்தைக் காட்டுகிறது. அது என்ன சொல் என்பதைப் பெரும்பாலும் சூழல்தான் முடிவுசெய்கிறது.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. நம்மூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் "சரியான இடத்தில் அழுத்துங்க" என்கிறார்கள். நாமோ ஆங்கிலத்தின் எல்லா அசைக்கும் முழு உயிரொலி கொடுத்துப் பேசிவிடுகிறோம். கட்லர் சொல்வது சரியென்றால், பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுபவருக்கு அசைக்கு அசை புதுச்சொல் தொடங்குவதாகத் தோன்றக்கூடும். இது என் ஊகம்தான். ஆனாலும் எங்கே அழுத்துவது என்பதற்கு முன்னால், எதை மங்கவிடுவது என்று சொல்லிக்கொடுத்தால் நல்லது.