மாறி ஏறும் இடம்

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் 2019 செப்டம்பர் 14 அன்று கான்ஃபெடரேஷன் லைன் என்னும் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. மேற்கே டன்னிஸ் பாஸ்சர் முதல் கிழக்கே பிளேர் வரை 12.5 கிலோமீட்டர், 13 நிலையங்கள், நகர மையத்தில் 2.5 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். செலவு சுமார் 210 கோடி கனடிய டாலர். முதல் மூன்று வாரம் பழைய பேருந்துகளும் கூடவே ஓடின. அக்டோபர் 6 அன்று பேருந்துத் தடங்கள் மாற்றப்பட்டு, மையம் வரை வந்துகொண்டிருந்த பெரும்பாலான பேருந்துகள் ரயில் நிலையங்களோடு நிறுத்தப்பட்டன. ரயிலைக் கட்டியது சரியான முடிவு. பேருந்துகளை அந்தத் தேதியில் விலக்கியது தவறான முடிவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டுத் திட்டத்தையே மொத்தமாகப் புகழ்பவர்களும் உண்டு, மொத்தமாகச் சபிப்பவர்களும் உண்டு. பிரித்துப் பார்த்தால்தான் அந்த நகரத்தின் அனுபவம் வேறு நகரங்களுக்குப் பயன்படும்.

ரயில் ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒட்டாவா 1983 முதல் டிரான்சிட்வே என்ற பெயரில் பேருந்துக்கென்றே தனிச்சாலைகளை அமைத்து வந்தது. புறநகரில் வேறு வண்டி குறுக்கிடாத அந்தச் சாலைகளில் பேருந்துகள் விரைந்து வந்தன. நகர மையத்தில் மட்டும் அந்தத் தனிச்சாலை இல்லை. ஆல்பர்ட், ஸ்லேட்டர் என்ற இரண்டு தெருக்களில், ஓரமாகக் கோடு போட்டு ஒதுக்கிய தடத்தில், சிக்னலுக்குச் சிக்னல் நின்றுதான் அவை போயாக வேண்டும். நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு ஏறத்தாழ 180 பேருந்துகள், 10,000க்கும் மேற்பட்ட பயணிகள். கணக்குப் பார்த்தால் 20 விநாடிக்கு ஒரு பேருந்து. முன்னால் நிற்கும் பேருந்தில் பயணிகள் எல்லாரும் ஏறி முடிக்க அந்த 20 விநாடி போதாது. ஆகவே பின்னால் வருவது நிற்கும், அதற்குப் பின்னால் வருவதும் நிற்கும். தெருவின் நீளத்துக்குப் பேருந்துகளே சுவர்போல நிற்கும். இந்த நிலையில் கூட்டத்தைக் குறைக்க இன்னொரு பேருந்தை விட்டால் வரிசைதான் நீளும், கூட்டம் குறையாது. இரண்டு வண்டிகளை இணைத்த ஒரு ரயில் சுமார் 600 பேரை ஏற்றிக்கொண்டு, சாலைச் சிக்னலே இல்லாத சுரங்கத்தில், புகையில்லாமல் போகிறது. பேருந்தை இன்னும் நன்றாக நடத்தியிருந்தால் போதுமே என்ற வாதம் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

ஆனால் மையத்தின் நெரிசலைத் தீர்த்த அதே மாற்றம், வேறோர் இடத்தில் ஒரு புதிய சுமையை வைத்தது. பழைய முறையின் பெரிய வசதி, புறநகர்க் குடியிருப்பின் அருகில் ஏறினால் அலுவலக வாசலுக்குப் பக்கத்தில் இறங்கலாம் என்பது. தனிச்சாலையின் உண்மையான பலமே அதுதான்: சாலையை விட்டு இறங்கி எந்தத் தெருவுக்குள்ளும் பேருந்து போகும். தண்டவாளத்தை விட்டு ரயில் இறங்காது. ஆக, முன்பு ஒரே இருக்கையில் முடிந்த பயணம் இப்போது பேருந்து, ரயில் என்று இரண்டாகப் பிரிந்தது. காலையில் இது பெரிய துன்பமில்லை. பேருந்தில் வந்து இறங்குபவருக்குச் சில நிமிடங்களுக்குள் ரயில் கிடைத்துவிடும். மாலையில் கதை தலைகீழ். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் ரயிலிலிருந்து இறங்கி, கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை வரும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ரயில் இரண்டு நிமிடம் தாமதித்தால் பயணிக்கு இழப்பு இரண்டு நிமிடமல்ல. தவறவிட்ட பேருந்துக்கு அடுத்தது வரும்வரை, ஒட்டாவாவின் பனிக்காலத்தில், திறந்த நடைமேடையில் நிற்பதுதான் இழப்பு. ரயில் இரு முனைகளையும் ஏறத்தாழ 25 நிமிடத்தில் இணைக்கிறது என்று சொல்லும் கணக்கு ரயிலின் வேகத்தைக் காட்டுகிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்த் திரும்பும் மனிதரின் நேரத்தை அது காட்டவில்லை.

மாறி ஏறுவது தன்னளவில் குற்றமல்ல. ரயிலை நம்பலாம் என்றால் மக்கள் அதற்குப் பழகிக்கொள்வார்கள். ஒட்டாவாவில் உடைந்தது அந்த நம்பிக்கைதான். பேருந்துகளை விலக்கிய அதே வாரத்தில் கதவுக் கோளாறால் ரயில் நின்று நடைமேடைகள் நிரம்பி வழிந்தன. குளிர்காலம் வந்ததும் தண்டவாளம் பிரியும் இடங்களில் உறைபனி பிடித்தது. சக்கரங்கள் தேய்ந்து தட்டையாகின. 2021 ஆகஸ்டில் அச்சு பேரிங் பழுதால் ஆளில்லாத ரயில் ஒன்று தடம்புரண்டது. செப்டம்பர் 19 அன்று டிரெம்ப்ளே நிலையத்தருகே பயணிகளோடு இன்னொன்று தடம்புரண்டது. பராமரிப்பின்போது போல்ட்டுகளைச் சரியாக முறுக்காததே காரணம். யாருக்கும் பெரிய காயமில்லை என்பது ஆறுதல். ஆனால் பாதை முழுவதும் 54 நாள் மூடிக்கிடந்தது. இங்கேதான் இரண்டு வாகனங்களின் அடிப்படை வேறுபாடு தெரிகிறது. பனியில் ஒரு பேருந்து சறுக்கி நின்றால் அடுத்தது ஒதுங்கிக் கடந்து போகும். ஒரு ரயில் நின்றால் பின்னால் வரும் ரயில்கள் அனைத்தும் நிற்கும். அவற்றை நம்பி நிலையங்களில் காத்திருக்கும் இணைப்புப் பேருந்துகளின் நேரமும் குலையும்.

இது ரயிலின் குறையல்ல, ஒப்பந்தத்தின் குறை என்று சிலர் சொல்வார்கள். அதில் பெரும் உண்மை இருக்கிறது. நீதிபதி வில்லியம் ஹூரிகன் தலைமையிலான பொது விசாரணை 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்ட அறிக்கை, முன்கூட்டியே இறுக்கிக் கட்டப்பட்ட வரவுசெலவு, தாழ்தள இலகு ரயிலிடம் அதன் எல்லையைத் தொடும் அளவுக்கு வேகமும் கொள்ளளவும் கேட்டது என்று பலவற்றை விளக்கியது. என்னை அதிகம் உறுத்துவது சோதனை ஓட்டத்தின் கதை. 98 சதவீதம் என்று வைத்திருந்த தேர்ச்சி அளவு 96 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; 12 நாளில் சிறந்த 9 நாளைக் கணக்கில் எடுத்தால் போதும் என்றானது; நகரமன்றத்துக்கு இது உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை. ரயில் இன்னும் தயாராகவில்லை என்ற தகவல் நகரமன்ற உறுப்பினர்கள் கைக்குப் போயிருந்தால், பேருந்துகளை இன்னும் சில மாதம் வைத்திருப்போம் என்று அவர்கள் முடிவெடுத்திருக்க முடியும். ஆகவே ஒப்பந்தத்தின் குறையும் பேருந்தை அவசரமாக விலக்கிய குறையும் தனித்தனியானவை அல்ல. முன்னது ரயிலைப் பலவீனமாக்கியது. பின்னது அந்தப் பலவீனத்தின் முழுப் பாரத்தையும் பயணியின் தலையில் இறக்கியது.

இதைவிட வலுவான மறுப்பு பணத்தைப் பற்றியது. ஒரே தடத்தில் ரயிலையும் பேருந்தையும் ஓட்டினால் இரட்டைச் செலவு. அந்தப் பேருந்துகளையும் ஓட்டுநர்களையும் புறநகரில் பயன்படுத்தினால் அங்கே சேவை கூடுமே என்கிறார்கள். நியாயமான கேள்விதான். பேருந்து என்றென்றும் உடன் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விலக்கும் நாளை நாட்காட்டி தீர்மானிக்கக் கூடாது, ரயிலின் நடத்தை தீர்மானிக்க வேண்டும் என்கிறேன். ஒரு முழுக் குளிர்காலத்தை ரயில் தாண்டட்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தால், அதற்கான செலவு கண்ணுக்குத் தெரியும், வரம்புள்ள செலவாக இருந்திருக்கும். வைக்காததாலும் செலவு மிச்சமாகவில்லை: விலக்கிய சில வாரங்களிலேயே பேருந்துகளைக் கூடுதலாக இறக்க வேண்டி வந்தது, ரயில் நின்றபோதெல்லாம் ஆர்1 என்ற மாற்றுப் பேருந்துகளை வேறு தடங்களிலிருந்து பிடுங்கி ஓட்ட வேண்டி வந்தது. அப்போது ரயிலில் ஏறாத புறநகர்வாசிக்கும் சேவை குறைந்தது.

சிட்னியில் 2019 டிசம்பரிலும் 2020 ஏப்ரலிலும் தென்கிழக்குப் பகுதிக்கான இலகு ரயில் தடங்கள் திறக்கப்பட்டன. அங்கே அப்பகுதிப் பேருந்துகளைப் பெரிய அளவில் மாற்றியமைத்தது 2021 டிசம்பரில்தான். ரயிலுக்கு அவகாசம் கொடுத்தார்கள். ஆனாலும் நேரடிப் பேருந்தை இழந்த பகுதிகளில் எதிர்ப்பு எழுந்தது. ரயில் ஒழுங்காக ஓடுவது அவசியம், ஆனால் மாறி ஏறும் இடத்தின் தொல்லையை அது மட்டும் தீர்க்காது என்பதற்கு இது சான்று. இணைப்புப் பேருந்து அரை மணிக்கு ஒன்றாக இருக்கும்வரை, ரயில் எவ்வளவு அடிக்கடி வந்தாலும் அதன் பலன் பாதி வழியில் நின்றுவிடும். புதிய ரயிலுக்கான பணத்தில் ஒரு பங்கு அந்தச் சிறிய பேருந்துகளுக்கென்றே முதல் நாளிலிருந்து ஒதுக்கப்பட வேண்டும். ரயிலால் மிச்சமாகும் என்று எதிர்பார்க்கும் பணத்தை நம்பி அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒட்டாவா இதில் பாதியைக் கற்றுக்கொண்டிருக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் இரண்டாவது தடத்தை நீட்டித்து 2025 ஜனவரி 6 அன்று திறந்தபோது, முதலில் வார நாட்களில் மட்டும் ஓட்டினார்கள். பின்பு சனிக்கிழமையைச் சேர்த்தார்கள். மார்ச் மாதத்தில்தான் ஏழு நாளும் ஓடியது. அந்த ஆரம்பக் கட்டத்தில் இணையாகப் பேருந்துகளும் ஓடின.