குடல் சுவரின் செரோடோனின் செல்லை எப்படி ரசிப்பது?

ராகத்தை ரசிக்கச் சொல்லித்தர ஆள் உண்டு. கோபுரச் சிற்பத்தை ரசிக்கச் சொல்லித்தரவும் உண்டு. நம் உடம்பில் இருக்கும் ஒரு செல்லை ரசிக்கத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கியதோடு பள்ளியில் அது முடிந்துபோகிறது.

குடலின் உட்சுவரில் இருக்கும் என்டெரோகுரோமாஃபின் செல் அப்படி முடிந்துபோகக் கூடாத ஒன்று. நம் உடம்பிலுள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதில் பெரும்பகுதியைச் செய்து சேமித்து வைப்பது இந்தச் செல்தான். இத்தனைக்கும் உட்சுவர்ச் செல்களை எண்ணினால் நூறில் ஒன்றுகூட இது தேறாது. கீழே சொல்லும் வரிசையில் அணுகிப் பாருங்கள். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் கண்ணால்

மருத்துவக் கல்லூரிகள் பல, திசுக்களின் நுண்ணோக்கிப் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. சிறுகுடல் படம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம். விரல்களைப் போல எழுந்து நிற்கும் குடலுறிஞ்சிகளும் அவற்றின் அடியில் இறங்கும் குழிகளும் முதலில் கண்ணுக்குப் பழகட்டும்.

வழக்கமான இளஞ்சிவப்பு, ஊதாச் சாயத்தில் நம் செல் எளிதில் பிடிபடாது. வெள்ளிச் சாயம் ஏற்றிய படத்தைத் தேடுங்கள். அதில் வரிசையாக நிற்கும் வெளிறிய செல்களுக்கு நடுவே, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கரும்பொடி நிறைந்த செல்கள் தெரியும். வெள்ளி உப்பைக் கறுக்க வைக்கும் வேதிக்குணம் செரோடோனினுக்கு உண்டு.

இப்போது பெரிதாக்குங்கள். கரும்பொடி செல்லின் எந்தப் பக்கத்தில் குவிந்திருக்கிறது என்று கவனியுங்கள். குழியின் அடியில் பனெத் செல்கள் என்று வேறொரு வகை உண்டு. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் சுரப்பவை அவை. அவற்றின் துகள்கள் செல்லின் மேல்பக்கம், உணவு போகும் வெளியை நோக்கிக் குவிந்திருக்கும். நம் செல்லில் நேர்மாறு: துகள்கள் அடிப்பக்கம், உட்கருவுக்குக் கீழே கிடக்கும். துகள் கிடக்கும் திசைதான் சுரப்பு போகும் திசை. பனெத் செல் குடலின் உள்வெளிக்குக் கொடுக்கிறது. என்டெரோகுரோமாஃபின் செல் பெரும்பாலும் உடம்புக்குள் கொடுக்கிறது. குறுகிய கழுத்தை உணவுப் பக்கம் நீட்டி, அகன்ற அடியை நரம்புகளின் பக்கம் ஊன்றியிருக்கும் அந்த உருவத்திலேயே அதன் தொழில் தெரிந்துவிடுகிறது: வெளியே நடப்பதை அறிந்து உள்ளே சொல்வது.

ஒரு கவளத்தின் பின்னே போங்கள்

அடுத்து அசைவு. சாப்பாடு கூழாகிச் சிறுகுடலில் இறங்குகிறது. சுவர் அழுத்தப்பட்டு விரிகிறது. அந்த அழுத்தத்தை இந்தச் செல்கள் பியேசோ2 என்ற புரதத்தால் உணர்கின்றன என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். தோலில் நாம் மென்மையான தொடுதலை உணர்வதும் இதே புரதத்தால்தான். அந்தப் புரதக் குடும்பத்தைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அழுத்தம் பட்டதும் செல் செரோடோனினை அடிவழியே விடுகிறது. பக்கத்து நரம்பு முனைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. கவளத்துக்குப் பின்னால் தசை இறுகுகிறது, முன்னால் தளர்கிறது, கவளம் நகர்கிறது. இந்த அனிச்சைச் செயலை 1899இலேயே பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் விவரித்துவிட்டார்கள். அதில் செரோடோனினுக்குப் பங்கு உண்டு என்பதை 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் எடித் புல்பிரிங், கினிப் பன்றியின் குடலை வைத்து ஆராய்ந்து காட்டினார்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செல்கள் செரோடோனின் செய்ய முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகளிலும் குடல் அசைகிறது. குடலின் நரம்புகளுக்குத் தாமாகவே அலையை உண்டாக்கத் தெரியும். ஆகவே இந்தச் செல்லை அசைவின் முதலாளியாக நினைக்க வேண்டாம். உள்ளே வந்திருப்பது என்ன, எவ்வளவு என்ற சேதியைத் தந்து அசைவைத் திருத்திக்கொடுப்பதுதான் அதன் பங்கு.

எதையெல்லாம் ருசிக்கிறது என்று பாருங்கள்

அழுத்தம் மட்டுமல்ல, இந்தச் செல் வேதிப்பொருள்களையும் அறிகிறது. 2017இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம், எலியின் குடல் செல்களைக் கிண்ணத்தில் குட்டிக் குடல்களாக வளர்த்து ஒவ்வொரு செல்லாகச் சோதித்தது. மூன்று வகைப் பொருள்களுக்கு என்டெரோகுரோமாஃபின் செல்கள் விழித்தெழுந்தன. முதலாவது எரிச்சலூட்டும் பொருள்கள். கடுகின் நெடியை நாம் உணரும் டிஆர்பிஏ1 என்ற புரதமே இங்கும் வேலை செய்கிறது. இரண்டாவது, குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஐசோவலரேட் என்ற கொழுப்பு அமிலம். மூன்றாவது, பதற்றத்தில் உடம்பு சுரக்கும் அட்ரினலின் வகைப் பொருள்கள்.

சாப்பிட்ட கடுகின் நெடியும், உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிரின் கழிவும், மனத்தின் பதற்றமும் ஒரே செல்லில் வந்து சேர்கின்றன! நேர்முகத் தேர்வு நாளன்று வயிறு படுத்தும் பாட்டை அனுபவித்தவர்கள் இந்தக் கண்டுபிடிப்பைப் படித்தால் தங்கள் உடம்பின் மீது கொஞ்சம் பரிவு கொள்வார்கள்.

கேட்பவர் யார் என்று கேளுங்கள்

இந்தச் செல்லின் உண்மையான அழகு என எனக்குப் படுவது இதுதான்: செல் விடுவது ஒரே பொருள், ஆனால் பலன் கேட்பவரைப் பொறுத்து மாறுகிறது. கோயிலில் மணி அடித்தால் சந்நிதியில் நிற்பவர் கைகூப்புகிறார், மடைப்பள்ளியில் இருப்பவர் பிரசாதத்தைத் தூக்குகிறார், வாசலில் செருப்பைக் கழற்றுபவர் உள்ளே ஓடுகிறார். மணியோசை மாறவில்லை.

பாலூட்டிகளின் உடம்பில் செரோடோனினை ஏற்கும் ஏற்பிகள் 7 குடும்பங்களாக, 14 வகைகளாக உள்ளன. குடல் நரம்பில் ஒரு வகை ஏற்பி அசைவைத் தூண்டுகிறது. உட்சுவரில் நீர் சுரப்பது கூடுகிறது. வயிற்றிலிருந்து மூளைக்கு ஏறும் வேகஸ் நரம்பில் வேறொரு ஏற்பி குமட்டலைச் சொல்கிறது. ரத்தத்துக்குப் போனதைத் தட்டணுக்கள் அள்ளிச் சேமித்துக்கொள்கின்றன. தாமாக அவை செரோடோனின் செய்வதில்லை. காயம் பட்ட இடத்தில் குடலின் செரோடோனினையே விட்டு ரத்தம் உறைய உதவுகின்றன.

நிறுத்துவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. பக்கத்து உட்சுவர்ச் செல்கள் எஞ்சிய செரோடோனினை உறிஞ்சிக்கொள்கின்றன. தப்பிப் போனதைக் கல்லீரலும் நுரையீரலும் அழிக்கின்றன. இந்தச் செல்களிலிருந்து வரும் கார்சினாய்டு கட்டி கல்லீரலுக்குப் பரவும்போது ஓயாத வயிற்றுப்போக்கு வருவதைப் பார்த்தால், நிறுத்தும் ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

வாந்திக்கும் மரியாதை கொடுங்கள்

விஷத்தைத் தின்றுவிட்ட உயிருக்கு வாந்தி ஒரு காப்பு. புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் மருந்து உடம்பில் ஏறும்போது இந்தச் செல்கள் செரோடோனினை ஏராளமாகக் கொட்டுகின்றன. வேகஸ் நரம்பு அதை மூளைக்குச் சொல்கிறது. இதை நன்றாகத் தடுக்கும் மருந்து வருவதற்கு முன், நோயைவிட வாந்திக்கு அஞ்சிச் சிகிச்சையை நிறுத்தியவர்கள் உண்டு. வேகஸ் நரம்பிலுள்ள அந்த ஒரு வகை ஏற்பியை மட்டும் அடைத்துவிடும் மருந்துதான் ஒண்டான்செட்ரான். 1990களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்து புற்றுநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. இன்று நம் ஊர் மருந்துக்கடைகளில் குழந்தையின் வாந்திக்கு மருத்துவர் எழுதித்தரும் சிரப்பாகவும் அதுவே இருக்கிறது. குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் தரும் ரோட்டா வைரஸ் இந்தச் செல்களைத் தொற்றி, செரோடோனினை விடச் செய்வதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

கண்டறிந்த கதையையும் சேர்த்து ரசியுங்கள்

1897இல் கார்கிவ் நகரில் நிக்கோலாய் குல்சிட்ஸ்கி இந்தச் செல்களை விவரித்தார். அவை செய்வது என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1930களில் இத்தாலியின் பவியாவில் விட்டோரியோ எர்ஸ்பாமர், முயலின் இரைப்பைச் சவ்விலிருந்து ஒரு சாற்றை எடுத்தார். அது தசையைச் சுருங்க வைத்தது. அட்ரினலினாக இருக்கும் என்றார்கள். இல்லை என்று காட்டி, என்டெராமைன் என்று பெயர் வைத்தார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ராப்போர்ட், கிரீன், பேஜ் மூவரும் ரத்தநாளத்தைச் சுருக்கும் பொருளொன்றை மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்து, செரோடோனின் என்றார்கள். இரண்டும் ஒன்றே என்று 1952இல் உறுதியானது. மூளையில் அது இருப்பதை பெட்டி ட்வாரோக் காட்டியது அதற்கும் பிறகு, 1953இல்தான். மூளையின் பொருளாக இன்று பேர்பெற்றது முதலில் வயிற்றிலும் ரத்தத்திலும் கிடைத்த பொருள்.

எதை ரசிக்கக் கூடாது

'மகிழ்ச்சி ஹார்மோன் குடலில்தான் இருக்கிறது, ஆகவே மகிழ்ச்சியும் வயிற்றில்தான்' என்று அடிக்கடி எழுதுகிறார்கள். 90 சதவீதம் என்ற உண்மையிலிருந்து பிறக்கும் தவறான முடிவு இது. ரத்தத்திலுள்ள செரோடோனின் மூளைக்குள் நுழைய முடியாது. இடையில் ரத்த மூளைத் தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. அதற்கென்று தனி நொதி உண்டு என்பது 2003இல் தெரியவந்தது. வாழைப்பழத்தில் செரோடோனின் இருப்பது உண்மை. அதைத் தின்றால் அந்தச் செரோடோனின் மூளைக்குப் போகும் என்பது பொய்.

இந்தச் செல்லுக்கு நாம் தரும் நியாயமான புகழ் வேறு. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. குழியின் அடியிலுள்ள ஸ்டெம் செல்களிலிருந்து இந்தச் செல்லும் மீண்டும் மீண்டும் பிறக்கிறது. பிறந்த ஒவ்வொன்றும் உணவை அறிந்து உடம்புக்குச் சொல்லும் வேலையை ஏற்கிறது.

இனி 'செரோடோனின்' என்று எந்தச் செய்தியில் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை விட்டது எந்தச் செல்? எதைக் கண்டு விட்டது? வாங்கிக்கொண்டது யார்? மூன்றுக்கும் பதில் சொல்லும் செய்தியை நம்பிப் படிக்கலாம். பதில் சொல்லாமல் மகிழ்ச்சியை மட்டும் வாக்களிக்கும் செய்தியைத் தாண்டிப் போய்விடலாம்.