யாப்பும் மக்களும்: பேராசிரியர் ஏ. ஜே. வில்சனை மீளப் படித்தல்

ஆட்சிமுறைகளை ஆராயும் அறிஞர் ஒருவர் ஆட்சியாளருக்கே ஆலோசனை கூறும் இடத்துக்கு வந்து சேரும்போது, அவர் கற்ற கல்வி முழுவதும் சோதனைக்குள்ளாகின்றது. நூலில் எழுதிய கருத்துப் பிழையாயின் அடுத்த பதிப்பிலே திருத்திக்கொள்ளலாம். நாட்டின் சட்டமாகிவிட்ட கருத்துப் பிழையாயின் அதன் விளைவை மக்களே சுமக்க வேண்டும். எமது நாட்டில் இச்சோதனைக்குத் தம்மை உட்படுத்திக்கொண்ட அறிஞருள் பேராசிரியர் அல்பிரட் ஜெயரத்தினம் வில்சன் முதன்மையானவர். 1928 இல் கொழும்பிலே பிறந்து 2000 இல் கனடாவிலே காலமான அவர் மறைந்து கால் நூற்றாண்டாகிவிட்டது. அவரைப் போற்றுவோர் தந்தை செல்வாவின் மருமகன் என்பதோடு நின்றுவிடுகின்றனர்; தூற்றுவோர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் ஆலோசகர் என்பதோடு நின்றுவிடுகின்றனர். இரு சாராரும் அவருடைய நூல்களைப் படிக்கும் சிரமத்திலிருந்து தப்பிக்கொள்கின்றனர். நாம் நூல்களிலிருந்தே தொடங்குவோம்.

லண்டன் பொருளியல் கல்லூரியில் கலாநிதிப் பட்டம் பெற்ற வில்சன், இலங்கைப் பல்கலைக்கழகத்திலே விரிவுரையாளராகப் பணியாற்றி, பேராதனையின் முதலாவது அரசியல் விஞ்ஞானப் பேராசிரியரானார். 1972 இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கேயே பணியாற்றி ஓய்வுபெற்றார். சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கை அரசியலைப் பற்றி 1974 இலும், 1970 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலைப் பற்றி 1975 இலும் அவர் வெளியிட்ட நூல்கள் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுவன. தொகுதி, கட்சி, வாக்கு, அமைச்சரவை என்பவற்றை நுணுகி நோக்கும் கண் அவருக்கு இருந்தது. இவையெல்லாம் மறுக்கவொண்ணாத பெருமைகள்.

எனினும், ஓர் அரசியல் யாப்பைப் படிப்பதற்கு இரு வழிகள் உள்ளன. அதன் உறுப்புரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அதிகாரம் எந்தெந்தப் பீடங்களுக்கிடையே பங்கிடப்பட்டுள்ளது என்று காண்பது ஒரு வழி. அந்த அதிகாரம் முதலில் யார் தலைமீது விழுகின்றது என்று காண்பது மற்றொரு வழி. வில்சன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் முதலாவது வழியிலேயே நடந்தார். இரண்டாவது வழிக்கு அவரை வரலாறுதான் இழுத்து வந்தது. அவருடைய சிறப்பையும் குறைபாட்டையும் இவ்வுண்மை ஒருங்கே விளக்கும் என்பது எமது கருத்து.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு, ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டங்களை இயற்றலாகாது என்று விதித்திருந்தது. எழுத்தளவில் இதைவிடத் தெளிவான காப்பு வேறெது? ஆயினும் 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 இல் தேர்தற் சட்டத் திருத்தமும் நிறைவேறின. மலையகத் தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் இழந்தனர். 1953 இல் இலண்டன் கோமறைக் கழகம் அச்சட்டங்கள் செல்லுபடியானவையே எனத் தீர்ப்பளித்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இத்தொழிலாளரின் வாக்குகள் மலைநாட்டிற் பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன என்பதை மறத்தலாகாது. இனத்தின் பெயரால் விழுந்த அடி, வர்க்கத்தின் மீதும் விழுந்த அடியாகும். 29 ஆம் பிரிவு அவர்களைக் காக்கவில்லை. ஏனெனில், காக்கும் வலிமை அவர்களுக்குச் சார்பாக அரசினுள்ளே இருக்கவில்லை. எழுத்து தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்வதில்லை.

இப்பாடத்தைக் கற்காதவர் வில்சன் மட்டுமல்லர். இவ்விடத்து நடுநிலை தவறாது பேசுதல் வேண்டும். 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, மொழிச் சமத்துவமின்றேல் நாடு இரண்டாகும் என்று எச்சரித்தவர் சமசமாஜக் கட்சித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1972 இல் அவரே அமைச்சராக நின்று உருவாக்கிய குடியரசு யாப்பு, 29 ஆம் பிரிவை நீக்கியது. சிங்களத்தின் அரசகரும மொழித் தகுதியை யாப்புக்குள்ளேயே பதித்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது. ஏகாதிபத்தியத் தளையை அறுத்த யாப்பு என்ற பெருமிதம் இவ்வுண்மையை மறைத்தது. எனவே, வில்சனைக் குற்றக் கூண்டில் ஏற்றுமுன் முற்போக்கு முகாம் தன் வரலாற்றையும் அருகே வைத்துப் படிப்பது நேர்மையாகும். ஆட்சிப்பீடத்துக்கு அருகிலிருந்தால் நன்மை செய்யலாம் என்ற மயக்கம், தாராளவாதிகளுக்கு மட்டுமே உரிய நோயன்று.

1977 யூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140 ஐக் கைப்பற்றியது. அந்தப் பெரும்பலத்தின்மீது எழுப்பப்பட்டதே 1978 ஆம் ஆண்டு யாப்பு. இதனைப் பிரான்சிய ஐந்தாவது குடியரசின் வழியில் வந்த ஆட்சிமுறையாகக் கண்டு, வில்சன் 1980 இல் தனி நூலொன்றை வெளியிட்டார். டி கோலின் முறை ஆசியாவிலே என்பதே அதன் தலைப்பின் பொருள். நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு சனாதிபதி தெரிவு செய்யப்படுவதால், அப்பதவியை நாடுபவர் சிறுபான்மையினரின் வாக்கையும் வேண்டி நிற்பார்; விகிதாசாரத் தெரிவு மிதமிஞ்சிய பெரும்பான்மைகளைத் தடுக்கும்; ஆகவே சிறுபான்மையினருக்குப் பேரம் பேசும் வலு உண்டாகும். அக்காலத்தில் அந்த யாப்பை ஆதரித்தோர் முன்வைத்த இவ்வாதத்தின் நம்பிக்கை வில்சனின் ஆய்விலும் ஊடுருவி நிற்கின்றது.

வாதம் அறிவுக்குப் பொருந்துவதே. ஆனால் அந்நூல் வெளிவந்த அதே 1980 இல் நாட்டில் நிகழ்ந்தவை யாவை? யூலை மாதப் பொது வேலைநிறுத்தத்திற் பங்குபற்றிய ஏறத்தாழ 40,000 தொழிலாளர் வேலையிழந்து தெருவுக்கு வந்தனர். ஒக்டோபரில் சுதந்திரக் கட்சித் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை பறிக்கப்பட்டது. முந்திய ஆண்டிலேயே பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியிருந்தது. 1982 டிசெம்பரில், பொதுத்தேர்தல் நடத்தாமலே, மக்கள் தீர்ப்பு என்ற பெயரால் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. டி கோலின் நிழலைத் தேடிய ஆய்வாளரின் கண்ணுக்கு வேலையிழந்த தொழிலாளியின் நிழல் பெரிதாகத் தோன்றவில்லை. தொழிலாளியை இவ்வாறு நசுக்க வல்ல அரசு, தமிழரிடம் மட்டும் பேரம் பேசும் பொறுமையோடு நடந்துகொள்ளும் என எதிர்பார்த்ததே அடிப்படைத் தவறு.

1978 முதல் 1983 வரை ஜயவர்த்தனாவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையே தூது சென்ற பணி இத்தவற்றின் செயல்வடிவமேயாகும். மாவட்ட அபிவிருத்திச் சபைகளைப் பற்றி ஆராய 1979 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவிலும் வில்சன் அங்கம் வகித்தார். அவருடைய நோக்கத்தில் நாம் ஐயங்கொள்ளவில்லை. இரத்தம் சிந்தாது ஒரு தீர்வு காண முயன்ற எவரையும் ஏளனஞ் செய்ய எமக்கு உரிமை இல்லை. ஆயினும் விளைவு யாது? 1980 இற் சட்டமான அச்சபைகளுக்கு நிதியும் இல்லை, அதிகாரமும் இல்லை. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் அவற்றுக்கான தேர்தல் நடைபெற்ற அதே நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 யூலையில் கொழும்பு எரிந்தது. பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் 1957 இலும், டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் 1965 இலும் எழுதப்பட்டுச் சிதைந்த வரலாற்றை வில்சனைவிட நன்கறிந்தவர் எவர்? தலைவர்கள் இருவர் ஓர் அறையில் அமர்ந்து எழுதுவதைச் சிங்கள உழவரிடமும் தொழிலாளரிடமும் எடுத்துச் செல்ல ஓர் இயக்கம் இல்லாதபோது, எதிர்ப்பாளர் ஓர் ஊர்வலத்தாலேயே அதனைக் கிழித்தெறிந்துவிடலாம். இது மூன்றாவது முறையாகவும் மெய்ப்பிக்கப்பட்டது.

இனி வில்சனின் பெருமைக்குரிய பகுதிக்கு வருவோம். 1988 இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே இலங்கையின் உடைவு என்பதாகும். நாடு மனத்தளவில் ஏற்கனவே இரண்டாகிவிட்டது, நிலத்தளவில் அது நிகழ்வதற்குக் காலமே தேவை என்ற முடிவுக்கு அவர் அங்கே வந்து சேர்கின்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன் புதிய யாப்பிலே வாய்ப்பைக் கண்டவர், தாம் நேரிற் கண்ட பேச்சுவார்த்தைகளையே சான்றாக்கி அந்த வாய்ப்பு எவ்வாறு வீணாயிற்று என்பதை விவரிக்கின்றார். பதவிக்கு அருகிலிருந்தோர் பலர் தாம் ஆரம்பத்திலிருந்தே யாவற்றையும் அறிந்திருந்ததாக நினைவுக் குறிப்பு எழுதும் நாட்டில், முந்திய நூலும் பிந்திய நூலும் ஒன்றுக்கொன்று எதிராக நின்று சாட்சி சொல்ல விட்டுச் சென்றமை அரிய செயல். இரண்டையும் சேர்த்துப் படிப்பவனுக்கு, எந்த ஓர் அரசியல் விஞ்ஞானப் பாடநூலும் தராத பாடம் கிடைக்கின்றது.

ஆனால் மாறியது முடிவேயன்றி முறையன்று. முன்னர் யாப்பை நம்பியவர் பின்னர் தேசியத்தை நம்பினார். இரண்டிலும் வரலாற்றை நடத்துபவர் தலைவர்களே. 1994 இல் செல்வநாயகத்தைப் பற்றி எழுதிய நூல் இதற்குச் சான்று. மலையகத் தொழிலாளரின் உரிமைக்காகத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்த அப்பெரியாரின் நேர்மையை அந்நூல் நன்கு காட்டுகின்றது. 2000 இல் வெளிவந்த இறுதி நூல் இலங்கைத் தமிழ்த் தேசியத்தின் தோற்றத்தை 19 ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்கின்றது. இந்நூல்களில் தமிழ்ச் சமூகம் பெரும்பாலும் ஒரே முகத்தோடு தோன்றுகின்றது. அம்முகம் படித்த, ஆங்கிலம் அறிந்த, உயர்சாதி யாழ்ப்பாணத்து முகம்.

1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்த போராட்டமும் அந்த வரலாற்றின் மையத்துக்கு வரவில்லை. மாவிட்டபுரத்தில் வாயிலை அடைத்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர், ஒருகாலத்தில் கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் விளங்கிய சி. சுந்தரலிங்கம், தமிழருக்குத் தனிநாடு கேட்ட முன்னோடிகளுள் அவரும் ஒருவர். கோயிலுக்குள் நுழைய முடியாதவனுக்கும் அவனை நுழையவிடாதவருக்கும் ஒரே தேசியம் எவ்வாறு பொதுவாகும் என்ற வினாவை எழுப்பாத ஆய்வு, எத்துணைச் சான்றுகளைக் கொண்டிருப்பினும் அரைப்பங்கு ஆய்வேயாகும்.

மொழியும் இங்கே கருதத்தக்கது. 1960 ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகக் கலைப்பீடம் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கத் தொடங்கியது. கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து புதியதொரு மாணவர் பரம்பரை பேராதனைக்குள் நுழைந்தது. வில்சனோ தம் முதன்மையான நூல்கள் யாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதினார். தமிழ்த் தேசியத்தின் கதை, எந்த மக்களின் கதையோ அந்த மக்களின் பிள்ளைகளுக்கு எட்டாத மொழியில் அமைந்தது. துண்டுப்பிரசுரமும் மேடைப்பேச்சுமே அவர்களுக்கு அரசியல் கற்பித்தன. ஆய்வறிவு சென்றடையாத இடத்தை ஆவேசம் நிரப்பியதில் வியப்பென்ன?

பின்னைய வரலாறு அவருடைய இரு முடிவுகளையும் உரைத்துப் பார்த்துள்ளது. 2015 இல் சிறுபான்மையினரின் வாக்குகளோடு மைத்திரிபால சிறிசேன வென்றார். பழைய வாதம் உயிர்பெற்றதுபோலத் தோன்றிற்று. 2019 இலோ அவ்வாக்குகள் ஏறக்குறைய இல்லாமலே கோட்டாபய ராஜபக்ச 52 வீதத்துக்கு மேற் பெற்று வென்றார், வாதம் முறிந்தது. பிரதேச உடைவு பற்றிய எதிர்பார்ப்பு 2009 மே மாதத்தில் எண்ணிலடங்கா உயிர்களோடு முள்ளிவாய்க்காலில் முடிந்தது. 2022 இல், பொருளாதார நெருக்கடி மக்களை வீதிக்குக் கொணர்ந்தபோது, 69 இலட்சம் வாக்குகளால் அமர்ந்த அதே சனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தெற்கிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி பெற்றது. இதனைக் கொண்டு இனப்பிரச்சினை தீர்ந்துவிட்டதென்பார் பேதையர். காணியும் காணாமற்போனோரும் அதிகாரப் பகிர்வும் வினாக்களாகவே நிற்கின்றன. ஆயினும், தலைவர்களின் கணக்குக்குள் அடங்காத மக்கள் என்றொரு சக்தி உண்டு என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

அரசறிவியலை உறுப்புரை எண்களாக மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் இறக்கிவைக்கும் வழக்கம் எமது உயர்தர வகுப்புகளில் வேரூன்றியுள்ளது. 1978 ஆம் ஆண்டு யாப்பிற் சனாதிபதியின் அதிகாரங்களைப் பத்தாக வரிசைப்படுத்தும் மாணவனிடம், அவ்வதிகாரங்கள் முதலில் யாரைத் தாக்கின என்று நாம் கேட்பதில்லை. ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. அக்கேள்வியோடு வில்சனின் 1980 ஆம் ஆண்டு நூலையும் 1988 ஆம் ஆண்டு நூலையும் அருகருகே விரித்து, அவற்றின் சாரத்தைத் தமிழில் மாணவர்முன் வைத்தல் வேண்டும். ஒரு நேர்மையான அறிஞர் எங்கே நம்பினார், எங்கே ஏமாந்தார், எதனை இறுதிவரை காணாது விட்டார் என்று அவர்கள் தாமே கண்டறியட்டும். மறுபடியும் புதிய யாப்பொன்று எழுதப்படும் நாளில், அதன் வரைவைக் கையிலெடுத்து, தோட்டத்து லயன் அறையிலிருந்தும், முகாமிலிருந்து மீண்டு வந்த குடிசையிலிருந்தும், கோயில் வெளிவீதியிலிருந்தும் அதனைப் படித்துக்காட்ட வல்ல பரம்பரையொன்று எமக்கு வேண்டும். அதனை உருவாக்கும் பொறுப்பை ஆணைக்குழுக்கள் ஏற்கமாட்டா; வகுப்பறைகளே ஏற்க வேண்டும்.