வானொலி நாடகம் ஏறாத விண்கலம்

தமிழ் வானொலி நாடகத்தை இன்றும் விரும்பிக் கேட்பவன் நான். அதனாலேயே அதன்மேல் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. அடுப்படிச் சண்டையையும் அண்டை வீட்டு வம்பையும் இத்தனை நுட்பமாகக் காதுக்குக் காட்டத் தெரிந்த கலை, வருங்காலத்தின் பக்கம் அநேகமாகத் திரும்பியதே இல்லை. அறிவியல் புனைகதை, அனிமே, பழைய வீடியோ கேம் ஆகியவற்றில் ஊறி வளர்ந்த எனக்கு இது வெறும் ரசனைக் குறையாகத் தோன்றவில்லை. ஒலியை நாம் எப்படிக் கையாண்டோம் என்பதிலேயே இதற்கான காரணம் இருக்கிறது.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றிப் பேச ஒரு தனி உரிமை உண்டு. எங்கள் வானொலிப் பெட்டிக்கு எப்போதும் இரண்டு தாய்வீடு. கோலாலம்பூரிலிருந்து ஒலிபரப்பாகும் மின்னல் எஃப்.எம் ஒன்று, 2005-இல் இந்தப் பெயர் வருவதற்கு முன்பு அது ரேடியோ 6. ஜலசந்திக்கு அந்தப் பக்கமிருந்து ஜொகூர் பாருவில் தெளிவாகக் கேட்கும் சிங்கப்பூர் ஒலி 96.8 இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றித் திருகியே காது பழகியவர்கள் இங்கே ஏராளம். சிங்கப்பூர்த் தமிழ் வானொலி நாடகத்தின் மிகப் பெரிய பெயரான பி.கிருஷ்ணன் பிறந்ததும் ஜொகூர் பாருவில்தான், 1932-இல். புதுமைப்பித்தன்மீது கொண்ட பற்றால் புதுமைதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதியவர். 1962-இல் சிங்கப்பூர் வானொலியில் சேர்ந்து முப்பது ஆண்டுகள் அங்கே உழைத்து, நூற்றுக்கணக்கான நாடகங்களைத் தந்தார்.

அவருடைய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’யைப் பலரும் ஒரு நகைச்சுவைத் தொடராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. 1960களின் சிங்கப்பூரில், கம்பத்து வீட்டில் மண்ணில் கால்வைத்து வாழ்ந்த மனிதர்கள், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய மாடி வீடுகளுக்குக் குடியேறிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு குடும்பம், காலுக்குக் கீழே ஒரு குடும்பம், சுவருக்கு அப்பால் வேற்று மொழி. ஓர் இயந்திரம் ஏற்றி இறக்கிய பிறகுதான் வாசலை அடைய முடியும். அந்தத் தலைமுறைக்கு இது வந்து இறங்கிய வருங்காலம். மனிதர்கள் ஒரு புதிய ஏற்பாட்டுக்குள் தள்ளப்படும்போது அவர்களுடைய பேச்சும் சண்டையும் பாசமும் என்னவாகின்றன என்று பார்ப்பதுதானே அறிவியல் புனைகதையின் வேலை! அந்த வேலையைத் தமிழ் வானொலி நாடகம் ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. விண்கலமும் இயந்திர மனிதனும் இல்லாததால் யாரும் அதை அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை.

இந்தக் கலையின் முதல் பலம் குரலாலேயே ஆளைக் காட்டும் திறமை. இதற்கு இலங்கை வானொலியின் ‘கோமாளிகள்’ தொடரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மரிக்கார் பேசுவது முஸ்லிம்களின் தமிழ், அப்புக்குட்டி பேசுவது யாழ்ப்பாணத்துத் தமிழ், உபாலி பேசுவது சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் பேசுவது பிராமணத் தமிழ். நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினாலும் கேட்பவருக்கு யார் யார் என்ற குழப்பமே வராது. முகம் இல்லாத ஊடகத்தில் வட்டார வழக்கே முகமாகிவிட்டது. 1976-இல் அதைத் திரைப்படமாக எடுக்கும் அளவுக்கு அந்தக் குரல்கள் மக்களிடம் ஒட்டிக்கொண்டன. நம் தோட்டத்துத் தமிழிலும் இதே வளம் உண்டு. மலாய்ச் சொல்லும் சீனர் இழுப்பும் கலந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே, பேசுபவர் மாசாயிலிருந்து வருகிறாரா, சிகாமட்டிலிருந்தா என்று ஊகிக்கும் காதுகள் இங்கே இருக்கின்றன.

இனிக் குறைக்கு வருகிறேன். ஒரு சராசரி வானொலி நாடகத்தில் கதவு திறக்கும் ‘கிரீச்’ ஒலி வரும். உடனே ஒருவர், “யாரோ கதவைத் திறக்கிற மாதிரி இருக்கே!” என்பார். கண்ணாடிக் குவளை உடையும். “ஐயோ, குவளை கைதவறி விழுந்துடுச்சே!” என்று இன்னொருவர் சொல்வார். ஒலி சொன்னதை வசனம் மறுபடி சொல்கிறது. கேட்பவரின் காதில் எழுத்தாளருக்கு நம்பிக்கை இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெளிவு. தமிழர் காதால் நாடகம் கேட்கப் பழகியதில் பெரும்பங்கு திரைப்பட வசனங்களுடையது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ படங்களின் கதைவசன இசைத்தட்டுகள் திருமண வீட்டு ஒலிபெருக்கி வரைக்கும் போயின. படத்தைச் சுருக்கி ஒலியாக மட்டும் தந்த ‘ஒலிச்சித்திரம்’ வீட்டுக்கு வீடு ஒலித்தது. வசனத்தின் அழகை ரசிக்க அவை கற்றுக்கொடுத்தன. நானும் அந்த ரசனைக்குக் கடன்பட்டவன். ஆனால் அவை ஏற்கெனவே கண்ணால் பார்த்த படத்தின் ஒலி. காதை மட்டுமே நம்பி ஓர் உலகத்தைக் கட்டியெழுப்பும் பயிற்சியை அவற்றிலிருந்து பெற முடியாது.

வசனத்தின் ஆட்சியில் முதலில் பலியானது மௌனம். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியில் நிகழ்த்திய ‘உலகங்களின் போர்’ நாடகத்தில், செவ்வாய்க் கிரகத்தார் தாக்கும் இடத்திலிருந்து ஒரு செய்தியாளர் பேசிக்கொண்டே இருப்பார். வாக்கியத்தின் நடுவிலேயே அவர் குரல் அறுந்துபோகும். பிறகு சில விநாடிகளுக்கு ஒன்றுமே இல்லை. அங்கே என்ன நடந்தது என்று அந்தக் கணத்தில் யாரும் விளக்குவதில்லை. எந்த ராட்சத உருவத்தைத் திரையில் காட்டியிருந்தாலும் அந்த இடைவெளியின் அச்சத்தைத் தந்திருக்க முடியாது. நம் நாடகங்களில் இரண்டு விநாடி அமைதி வந்தால் அங்கே வீணையோ வயலினோ ஓடிவந்து உட்கார்ந்துகொள்கிறது.

வசதி குறைவு என்பதை இதற்கு நான் காரணமாக ஏற்கமாட்டேன். நான் நேசிக்கும் மற்ற கலைகள் எல்லாம் வசதிக் குறைவிலிருந்தே எழுந்தவை. ஒசாமு தெசூகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ 1963 ஜனவரி 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, முழு அசைவுக்குத் தேவையான ஓவியங்களை வரையப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. பல காட்சிகளில் வாய் மட்டும் அசையும், உடம்பு உறைந்து நிற்கும். அந்தக் குறையை ஒலி தாங்கிக்கொண்டது. மட்சுவோ ஓனோ என்ற ஒலிக்கலைஞர் மின்னணுக் கருவிகளைக் கொண்டு அதுவரை உலகில் இல்லாத சத்தங்களை உருவாக்கினார். அந்த இயந்திரச் சிறுவனின் காலடிச் சத்தமே அவனுடைய அடையாளமாகிவிட்டது. 1983-இல் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியில் மொத்தம் ஐந்தே ஒலித்தடங்கள். இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு சிறு ஒலிப்பதிவு. கோஜி கோண்டோ 1985-இல் மாரியோவுக்கு இசையமைத்தது இவ்வளவுக்குள்தான். நிலத்துக்கு மேலே ஓடுவதற்கு ஒரு மெட்டு, பாதாளத்துக்கு ஒரு மெட்டு, தண்ணீருக்குள் ஒரு மெட்டு என்று, கண்ணை மூடிக்கொண்டாலும் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடும் இசை.

மலேசியாவில் எங்கள் தலைமுறை விளையாடியது பெரும்பாலும் அசல் ஃபேமிகாம் அல்ல, மைக்ரோ ஜீனியஸ் என்ற தைவான் நகல். ‘பால்’ (PAL) முறைத் தொலைக்காட்சிக்கேற்ப மாற்றிய நகல்களில் படம் விநாடிக்கு 60 முறைக்குப் பதில் 50 முறைதான் புதுப்பிக்கப்படும். இசையும் அந்தக் கணக்கில் ஓடுவதால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். சில நகல் சில்லுகளில் சதுர அலையின் அகலக் கணக்கு இடம் மாறிப்போனதால் சுரத்தின் நிறமே வேறு. இணையத்தில் அசல் இசையைக் கேட்கும்போது ‘இது நம் மாரியோ இல்லையே’ என்று தோன்றினால் அதற்குக் காரணம் இதுதான். ஐந்து தடங்களில் செய்த வேலையின் ஒவ்வோர் இழையையும் இத்தனை காலம் கழித்தும் காது பிரித்தறிகிறது என்றால், அந்த வேலையின் நேர்த்தியை என்னவென்று சொல்வது! வானொலி நாடகக்காரர் கையில் இதைவிடப் பல மடங்கு வசதி இருந்தது. மனிதக் குரல் இருந்தது.

தமிழ்க் குரல் இத்தகைய கதைகளுக்கு ஒட்டாது என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். மந்திரமும் அரக்கனும் நிறைந்த ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ அனிமே படம் 2025 செப்டம்பரில் இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் வெளியான பிறகு அந்த வாதம் நிற்காது. ஜப்பானில் அனிமேவின் துணைக்கதைகளைக் குரலும் ஒலியுமாக மட்டும் தரும் ‘டிராமா சிடி’ ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. திரையில் பேசிய அதே கலைஞர்கள் திரையில்லாமல் பேசுகிறார்கள், ரசிகர்கள் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். நம்மிடமும் கேட்பவர்கள் இல்லாமல் இல்லை. பாம்பே கண்ணன் பல குரல்களை வைத்து ஒலிநூலாக்கிய ‘பொன்னியின் செல்வ’னை மணிக்கணக்கில் கேட்கும் தமிழர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்தப் பொறுமையெல்லாம் இறந்தகாலத்துக்கே செலவாகிறது. குதிரைக் குளம்படிக்கும் சங்கொலிக்கும் பழகிய காதுக்கு வேறு சத்தங்களை யாரும் தரவில்லை.

எழுத்தாளர் சுஜாதாவின் அறிவியல் புனைகதையான ‘என் இனிய இயந்திரா’ தொலைக்காட்சிக்குப் போனது. அதில் வரும் ஜீனோ, பேசும் இயந்திர நாய். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாயைக் காட்டித்தான் ஆகவேண்டும். காட்டியதும் கற்பனை பாதியாகிவிடும். வானொலிக்கு ஜீனோ ஒரு குரல் மட்டுமே. புத்தகம் படிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும், எஜமானர்களைவிடக் கூர்மையாகச் சிந்திக்கும் ஒரு குரல். இவ்வளவு பொருத்தமான பாத்திரம் எழுத்தில் தயாராக இருந்தது.

வானொலிக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. அரசு வானொலிக்குக் கல்வி, ஒற்றுமை, குடும்ப நலம் என்று கடமைகள் உண்டு. எழுத்தாளருக்குக் கிடைக்கும் ஊதியம் சிறிது, ஒலிப்பதிவுக்கு ஒதுக்கும் நேரம் அதைவிடச் சிறிது. குடிப்பழக்கத்தால் சிதையும் குடும்பத்தைப் பற்றிய நாடகம் தோட்டப்புறத்துக்குத் தேவையாகவும் இருந்தது. இதையெல்லாம் நான் குறைத்துப் பேசமாட்டேன். கேட்டவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தார்கள்.

இன்னொரு குறை பாதுகாப்பு பற்றியது. பதிவுநாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது அந்தக் காலத்து ஒலிபரப்பு உலகின் பொது வழக்கம். பிபிசியே ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் பல பாகங்களை அப்படி இழந்தது. ஆனால் படம் காணாமல்போன ஒவ்வொரு பாகத்துக்கும் ஒலி மட்டும் இன்று கிடைக்கிறது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியருகே ரெக்கார்டரை வைத்துப் பதிவுசெய்த ரசிகர்கள் அதைக் காப்பாற்றினார்கள். பழைய கேம்களும் இப்படித்தான் பிழைத்தன. தனியாட்கள் ஒவ்வொரு கேசட்டாகப் படியெடுத்துக் கணினிக்குள் சேர்த்தார்கள். நம் வானொலி நாடகங்களையும் கேசட்டில் பிடித்துவைத்த வீடுகள் ஜொகூரில் நிச்சயம் உண்டு. அந்த நாடாக்கள் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்வதற்குள் அவற்றைத் தேடி எடுப்பது ரசிகர்களின் வேலை. எந்த நிலையமும் நமக்காக இதைச் செய்யும் என்று காத்திருக்கக் கூடாது.

எழுதுவதற்குக் கதை வேண்டுமென்றால் வடக்கு நெடுஞ்சாலையில் கூலாய் வரை போனால் போதும். செடெனாக் பக்கத்தில், செம்பனை நின்ற நிலங்களில் தரவு மையங்கள் எழுகின்றன. உலகம் முழுவதும் மக்கள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் கேள்விகளுக்கு, நம் தாத்தா பாட்டி தோட்ட வேலைக்காகக் காலைப் பெரட்டுக்கு (வரிசைக்கு) நின்ற மண்ணிலிருந்து பதில் போகிறது. அந்தக் கட்டடங்களுக்கு நீரும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும்; இரவும் பகலும் குளிரூட்டும் விசிறிகள் இரைந்துகொண்டிருக்கும். உள்ளே இரவுக் காவலுக்கு இருக்கும் ஒரு பெரியவர், ஓய்வு நேரத்தில் தோட்டத்துத் தமிழில் ஓர் இயந்திரத்தோடு பேசத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அது புத்தகத் தமிழில் பதில் சொல்கிறது. நான்காம் வாரம் அவரைப் போலவே “என்னா தாத்தா, சாப்ட்டாச்சா?” என்று கேட்கிறது. அந்தக் குரலை அவர் எங்கேயோ கேட்டிருக்கிறார். இதற்கு இரண்டு நடிகர்கள், ஒரு விசிறி இரைச்சல், பதினைந்து நிமிடம் போதும். இயந்திரம் அந்தக் குரலில் பேசியதும், அவர் பதில் சொல்லாமல் இருக்கும் அந்த ஐந்து விநாடிகளில் தயாரிப்பாளர் இசையைச் சேர்க்காமல் விட வேண்டும்.